லேபில் ஜிசிசி போட்டுக் கொடுங்கள்: எங்கள் கணினித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், லேப் பொறுப்பில் இருக்கும் சார், மேடம் எல்லோருக்கும்,

வணக்கம். முதலாமாண்டு சி செய்முறைத் தேர்வில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். லேபில் சி நிரல்களை ஓட்டத் தரப்படும் பழைய கம்பைலரான (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) டர்போ சி பற்றி நாங்கள் புலம்புவதும் உங்களுக்குப் புதிதல்ல. இந்த முறை புலம்பலோடு விட மனம் வரவில்லை.

முதலாமாண்டு மாணவி ஒருத்திக்கு வந்த கேள்வி ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. எழுதி, கம்பைல் செய்து, 5 கொடுத்தாள், 120 வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) "8 கொடும்மா" என்றார். திரையில் -25216. "ஃபேக்டோரியல் எப்படிம்மா மைனஸில் வரும்? லாஜிக் தப்பு" என்று மார்க்கைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார்.

லாஜிக்கில் ஒரு தப்பும் இல்லை. டர்போ சியில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு 2 பைட் இடம்தான். 32767-க்கு மேல் அதில் அடங்காது. வர வேண்டிய விடை 40320. அதில் 65536 கழிந்து மைனஸில் போய் நின்றது. அதே புரோகிராமைத் தன் லேப்டாப்பில் ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் தேர்வுக்கே வந்தாள். அங்கே இன்ட் 4 பைட், விடை சரியாக வந்திருக்கிறது. இன்ட்டுக்குப் பதிலாக, பெரிய எண்ணும் அடங்கும் லாங் போட்டிருக்கலாமே என்பீர்கள். சரி, போட்டிருக்கலாம். ஆனால் துறை கொடுத்த லேப் மேனுவலில் இருப்பதே இன்ட்தான். மாதிரி அவுட்புட்டும் 5-க்கு 120 என்பதோடு முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து எழுதிய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான். "எனக்குக் கோடிங் வராதுக்கா" என்று உட்கார்ந்திருந்தவளுக்குப் பைட் கணக்கைச் சொல்லிப் புரியவைத்தேன். புரிந்துகொண்டாள். போன மார்க்குக்கு நான் என்ன சொல்ல?

நாங்கள் கேட்பது இதுதான்: லேப் கணினிகளில் ஜிசிசி போடுங்கள், செய்முறைத் தேர்வை அதில் எழுத விடுங்கள்.

டர்போ சி 16-பிட் டாஸ் காலத்து மென்பொருள். இன்றைய 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால் பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டுகிறோம். டர்போ சியில் புரோகிராமை ஓட்ட கன்ட்ரோல் எஃப்9. அதே கன்ட்ரோல் எஃப்9 டாஸ்பாக்ஸுக்கு 'மூடிவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். சேமிக்காமல் அழுத்தினால் எழுதியது மொத்தமும் போச்சு. நம் லேபில் முதல் வகுப்பில் சொல்லித்தரப்படுவது இதை அழுத்தாதே என்பதுதான். நிரல் எழுதுவதெல்லாம் அப்புறம்.

பள்ளியில் இந்தக் கூத்து இல்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்கள் பைத்தான் எழுதிவிட்டு வருகிறார்கள். பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை ஓட்டும் பாடம் ஒன்று அதில் உண்டு. அதற்கு விண்டோஸில் ஓடும் ஜிசிசியான மின்ஜிடபிள்யூவை நிறுவ வேண்டும் என்று பள்ளிப் புத்தகமே சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை இங்கே டர்போ சியின் நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பழைய டாஸ் கம்பைலர்களோடு வந்த கோனியோ ஹெட்டரையும் அதிலுள்ள கெட்ச் கட்டளையையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். சி பிளஸ் பிளஸுக்கு முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். நம் லேபில் இருக்கும் டர்போ சி பிளஸ் பிளஸ் அதற்கு முந்தியது. இன்றைய சி பிளஸ் பிளஸ் நிரல்களில் வரும் 'யூசிங் நேம்ஸ்பேஸ்' வரியை எழுதினால் அதற்கு விளங்காது. பிறகு மூன்றாம் ஆண்டில் கம்பெனிக்காரர்களின் ஆன்லைன் தேர்வில் கோனியோவோடு எழுதி எரர் வாங்கும்போது, "அடிப்படையே தெரியவில்லை" என்று எங்களைத்தான் திட்டுகிறீர்கள்.

பழசுக்குத்தான் மரியாதை என்றால், ஜிசிசி வெளிவந்தது 1987-இல். டர்போ சி பிளஸ் பிளஸைவிட மூத்தது. அந்த வகையிலும் தகுதி இருக்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் கேட்கும் விஷயம் இல்லை இது. ஜிசிசி இலவசம், லைசென்ஸ் தொல்லை கிடையாது. ஓஎஸ் லேபில் இருக்கும் லினக்ஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற வகுப்புகளுக்கு அந்த அறையைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் கணினிகளில் மின்ஜிடபிள்யூவைப் போட்டு, அதிலுள்ள 'பின்' (bin) என்ற ஃபோல்டரை, விண்டோஸ் கமாண்டுகளைத் தேடும் பட்டியலான பாத்தில் (PATH) சேர்க்க வேண்டும். ஜூனியர்கள் தங்கள் லேப்டாப்பில் தடுக்கி விழுவது இந்த பாத் விஷயத்தில்தான். எல்லாம் நிறுவியிருப்பார்கள், ஆனால் 'அப்படி ஒரு கமாண்டே இல்லை' என்று விண்டோஸ் சொல்லும். லேபில் ஒரு முறை சரியாகச் செய்து காட்டினால் அவர்களே வீட்டில் செய்துகொள்வார்கள். அட்மின் பாஸ்வேர்டோடு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பக்கத்தில் நின்றால் போதும், சனிக்கிழமை மதியம் நாங்களே உட்கார்ந்து எல்லாக் கணினியிலும் போட்டுத் தருகிறோம்.

அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் ஜிசிசிக்கு அனுமதி கொடுங்கள். லேப் மேனுவலில் அந்த இன்ட்டையும் திருத்துங்கள். அந்தப் பெண்ணின் மார்க்கை மறுபடி பார்க்க வழியிருந்தால் அதையும் தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவி