மத்தியான வெயிலை இரவுக்கு வைத்திருக்க வீட்டுப் பற்றரிக்குக் கடன் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூரையில் சோலார் பூட்டியவர்களால்தான் இலங்கை மின்சார சபைக்குத் தலையிடி என்று ஒரு கதை கொஞ்சக் காலமாக அடிபடுகிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு, 13ஆம் திகதியிலிருந்து 21ஆம் திகதி வரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்களே, அதற்குப் பிறகு இந்தக் கதை இன்னும் கூடிவிட்டது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் என் வீட்டுக் கூரையிலும் பனல் இருக்கிறது, ஆகவே எனக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு. மத்தியானத்தில் மிஞ்சுகிற மின்சாரத்தை இரவு ஏழு மணிக்கு எடுத்துக் கொடுக்கப் பற்றரி வேண்டும், அந்தப் பற்றரியைச் சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய மாதிரி ஒரு கடன் திட்டம் வேண்டும். இதைத்தான் கேட்கிறேன்.

நிறுத்தச் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டுத்தான் கரண்ட் போனது என்று சொன்னதைப் பகிடி பண்ணியே அந்தக் கதை முடிந்துவிட்டது, ஆனால் உள்ளே நடந்தது பெரிய விஷயம். விடுமுறை நாள், முற்பகல், தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, வெயிலோ நல்ல வெயில். அந்த நேரம் லைனில் சோலாரின் பங்கு கூட, பாரமான சுழல் இயந்திரங்களின் பங்கு குறைவு. எங்கேயாவது ஒரு அடி விழுந்தால் அதிர்வெண் (லைனில் மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தடவை மாறுகிறது என்ற கணக்கு) சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்த இயந்திரங்களின் சுழற்சிதான், பனலில் வருகிறதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற சாதாரண இன்வேட்டரால் அது முடியாது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று, அவற்றைத் திரும்ப ஓட வைக்கும் வரைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் கரண்ட் வெட்டு வந்தது. இதை விளங்கிக்கொள்ளாமல், வெயில் சும்மா வருகுதுதானே ஏன் நிற்பாட்டச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்பது சரியில்லை.

ஆனால் இப்படியான நாட்களில் பொழுதுபட்ட பிறகு நடப்பதையும் பாருங்கள். மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை உச்சப் பாவனை நேரம். வீட்டுக்கு வீடு லைற், காற்றாடி, சோறு ஆக்கும் குக்கர், ரீவி எல்லாம் ஒன்றாக ஓடும், அதற்கு ஈடுகொடுக்க எண்ணெய் எரிக்கிற மின்நிலையங்களையும் சேர்த்து ஓட விட வேண்டும். மத்தியானம் வேண்டாம் என்று தள்ளிய மின்சாரத்துக்குப் பதிலாக இரவில் டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை எரிக்கிறோம். கடனில் கழுத்து மட்டும் நிற்கிற ஒரு நாடு இப்படிச் செய்வதைப் பார்க்க எனக்கு மனம் ஆறுவதில்லை.

எங்கள் கூரை மின்சாரத்தைச் சபை வாங்கும் விலை விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனம் நம்பிக்கை இழந்தது அதில்தான். 2016 இல் சூரிய சக்தித் திட்டத்தை ஆரம்பித்தபோது முதல் 7 வருடத்துக்கு அலகு 22 ரூபா, மிச்ச 13 வருடத்துக்கு 15.50 ரூபா என்றார்கள். 2022 நெருக்கடியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 37 ரூபா. 2024 இல் அது 27. 2025 இல் 5 கிலோவாற் வரைக்கும் 20.90, அதற்கு மேலே போகப்போக இன்னும் குறைவு. பனல் விலை இறங்கினால் வாங்கும் விலையும் இறங்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் திடீரென்று மாறுவதுதான் கஷ்டம். 5 கிலோவாற் பனல் எங்கள் பக்கத்து வெயிலுக்கு மாதம் ஏறத்தாழ 600 அலகு தரும். அது முழுக்க லைனுக்குப் போனால் 27 ரூபாக் கணக்கில் 16,200, 20.90 கணக்கில் 12,540. வங்கித் தவணையை முதல் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, விண்ணப்பம் இழுபட்டு இரண்டாவது கணக்கில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு அந்த 3,600 சொச்சம் சின்னக் காசு இல்லை.

2025 இல் நல்ல அறிவிப்பு ஒன்றும் வந்தது. பற்றரியில் சேமித்து உச்ச நேரத்தில் லைனுக்குக் கொடுத்தால் அலகுக்கு 45.80 ரூபா என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அலகு பிடிக்கிற லிதியம் பற்றரியில் போட்டு எடுக்கும்போது ஒரு பங்கு வீணாகும், 9 அலகு திரும்பி வரும் என்று வையுங்கள். 9 அலகுக்கு 412 ரூபா. அதே 10 அலகைப் பகலிலேயே கொடுத்திருந்தால் 209. ஆக, ஒரு நாளைக்குக் கூடுதலாகக் கிடைப்பது 200 ரூபா சொச்சம், வருடத்துக்கு 74,000 அளவு, அதுவும் மழை முகில் இல்லாமல் எல்லா நாளும் பற்றரி நிரம்பினால்தான். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் 6 இலட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் போட்ட காசு திரும்ப 8 வருடத்துக்கு மேல், வட்டி சேர்க்காமலே. பற்றரிக்கு உத்தரவாதம் பொதுவாக 10 வருடம். வங்கி வட்டியையும் சேர்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வசதியுள்ளவர்களும் ஹோட்டல்காரரும் பூட்டுவார்கள், ஒரு ஆசிரியர் குடும்பம் எப்படிப் பூட்டும்?

இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு இருந்ததே, அப்போது கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் காற்றாடி இல்லாமல்தான் இருந்தார்கள். லைன் நின்றால் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும், லைனில் வேலை செய்கிற ஊழியருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி. பற்றரியோடு சேர்ந்த இன்வேட்டர் என்றால் லைனைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள், இதன் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வீடுகளில் பற்றரி வந்தால் லைனுக்கும் நல்லது. நல்ல வெயில் நாளில், ஒரே ரான்ஸ்போமரில் பல வீடுகள் சோலார் பூட்டியிருக்கிற ஒழுங்கையில், பன்னிரண்டு மணிபோல இன்வேட்டரைப் போய்ப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய வோல்ற்றேஜ் 250 ஐத் தாண்டி நிற்கும், சிவப்பு லைற் எரியும், இன்வேட்டர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானாக ஓடும், திரும்ப நிற்கும். மாதத்தின் நல்ல மணித்தியாலங்கள் இப்படியே போகும். அந்த நேரம் நாலு வீட்டில் பற்றரி ஏறிக்கொண்டிருந்தால் இவ்வளவு ஏறாது. மகா ஓயாவில் திட்டமிட்டிருக்கிற 600 மெகாவாற் நீரேற்றுச் சேமிப்பு (மிஞ்சுகிற கரண்டில் தண்ணியை மேலே ஏற்றி வைத்து, தேவையான நேரம் இறக்கி மின்சாரம் எடுப்பது) வரட்டும், மிகவும் நல்லது, ஆனால் அது கட்டி முடிய வருடக்கணக்காகும்.

ஆகவே, முன்பு கூரை சோலாருக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் 50 மில்லியன் டொலர் உதவியோடு சலுகைக் கடன் கொடுத்ததுபோல 5 கிலோவாற்றுக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பற்றரிக் கடனும் கொடுக்க வேண்டும், உத்தரவாதக் காலத்துக்குச் சரியாக 10 வருடத் தவணையில். 45.80 ரூபா அந்த 10 வருடமும் மாறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 2024 மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கச் சொல்கிறது, எங்கள் 20 வருட ஒப்பந்தங்களுக்கு எந்தக் கம்பனி பொறுப்பு என்பதைக் கடிதமாக ஒவ்வொரு பாவனையாளருக்கும் தமிழில் அனுப்ப வேண்டும். அப்புறம், எங்கள் பக்கத்து வலிகாமத்துத் தோட்டக்காரருக்குப் பகல் 10 இலிருந்து 3 வரை தண்ணி இறைக்கிற மோட்டருக்கு மலிவுக் கட்டணம் கொடுத்துப் பாருங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் காலையில் இறைக்கிறவர்களில் ஒரு பகுதியாவது நேரத்தை மாற்றுவார்கள், அதற்குப் பற்றரியும் வேண்டாம், கடனும் வேண்டாம், அடுத்த போகத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கூரை சோலார் பாவனையாளர் ஒருவர்,
சுன்னாகம்.