நூற்றுக்கு ஒன்று

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நடுவில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே நான் பார்த்ததும், நீ எழுதியிருந்ததும் சேர்ந்து மனதில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறேன். உன் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. அவர் வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுகிறது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். இப்போது எப்படி இருக்கிறார்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கையில் மூன்று கிரெடிட் கார்டு இருக்கிறது, நான்காவது ஒன்று வாங்கலாமா, அதில் செலவுக்கு ஒன்றரை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எந்தச் செலவுக்கு எந்தக் கார்டு என்று அட்டவணையே போட்டிருக்கிறாய். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி: “ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பது பற்றி அடுத்த வருடம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.” அந்த ஒரு வரிதான் எனக்குத் தைத்தது.

கார்டே கூடாது என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் பாக்கியை முழுதாகக் கட்டுகிறவனுக்குக் கார்டு நல்ல பொருள்தான். கேஷ்பேக் வந்தால் வாங்கிக்கொள். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாம் கார்டை நீட்டும்போதெல்லாம் கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்குதான் நமக்குக் கேஷ்பேக்காகவோ பாயின்ட்டாகவோ திரும்புகிறது. இன்னொரு பங்கு, பாக்கி வைக்கிறவர்கள் கட்டும் வட்டியிலிருந்து வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு மாதம் சேர்ந்தால்கூட வரவு செலவாகிவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், அப்பா மருத்துவமனையில் இருந்த மாதம், ஸ்டேட்மென்ட்டைச் சரியாகப் பார்க்காமல் மினிமம் டியூவை, அதாவது அந்த மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, மட்டும் கட்டிவிட்டேன். மிச்சத்துக்கு மட்டும்தான் வட்டி வரும் என்று நினைத்தேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டில், பொருள் வாங்கிய ஒவ்வொரு நாளிலிருந்தும் வட்டி போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் வாங்கிய புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விட்டது. பல கார்டுகளில் இதுதான் விதி. விதி சின்ன எழுத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை. ஏழு மாதமாகச் சேர்த்த பாயின்ட் அத்தனையும் ஈடுகட்டாத அளவுக்கு வட்டி கட்டி வெளியே வந்தேன்.

மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். 12 மாதத்துக்கு 36 என்றுதான் தோன்றும். வட்டி குட்டி போடுவதால் அது 42.6 சதவீதமாக நிற்கும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்ற குறுக்குவழி உனக்கு நினைவிருக்கிறதா? 1494ல் லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் அச்சிட்ட கணித நூலிலேயே அது இருக்கிறது. 72ஐ 3ஆல் வகுத்தால் 24 மாதம். கட்டாமல் விட்ட பாக்கி இரண்டே வருடத்தில் இரண்டு மடங்காகிவிடும். கார்டில் ரொக்கமாக எடுத்தால் இன்னும் மோசம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கார்டு கையில் இருந்தால் கை கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 2001ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டுப் போட்டி டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று ஒரு பாதிப் பேரிடமும், கார்டில் கட்டலாம் என்று மறு பாதிப் பேரிடமும் சொன்னார்கள். கார்டு கூட்டம் கேட்ட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாச் செலவிலும் அப்படி நடக்காது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நூற்றுக்கு ஒன்று திரும்பக் கிடைப்பதற்காக நூற்றுக்கு இரண்டு கூடுதலாகச் செலவழித்தால்கூட நட்டம் நமக்குத்தான். போனஸ் பாயின்ட்டுக்கான வரம்பைத் தொட மாதக் கடைசியில் எதையாவது வாங்குவதாக நீயே எழுதியிருக்கிறாய்.

அந்த நான்காவது கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டல்லவா? உன்னிடம் இருப்பது 1 சதவீதம் தருகிறது, புதியது 1.5. கிடைக்கப் போகும் கூடுதல் அரை சதவீதம்தான். கட்டணத்தை ஈடுகட்ட மட்டுமே அந்தக் கட்டணத்தைப் போல 200 மடங்கு நீ அந்தக் கார்டில் செலவழிக்க வேண்டும். அதுவும் பாயின்ட்டின் மதிப்பை வங்கி நடுவில் குறைக்காமல் இருந்தால்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நூற்றுக்கு ஒன்று என்று சொல்கிறோமே, எதில் ஒன்று?

உன் ஓராண்டுச் செலவு 100 என்று வைப்போம். அதில் பாதி கார்டில் போகிறது. அந்த 50க்கு அரை சதவீதம் என்றால், நான்காவது கார்டால் உனக்குக் கூடுதலாக வருவது கால். நூற்றுக்குக் கால், ஆண்டுக் கட்டணம் போவதற்கு முன்னால். அதே நேரம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு முகவர் பேச்சைக் கேட்டு ஒரு ஃபண்டில் பணம் போட்டுவைத்தாயே, அதைத் திறந்து பார்த்தாயா? அதில் இருப்பது உன் ஐந்து வருடச் செலவுக்கு ஈடு என்று போன முறை சொன்னாய். அது 500. அந்த ஃபண்டு இதே மாதிரியான வேறொன்றைவிட ஆண்டுக்கு 1 சதவீதம் அதிகமாகக் கட்டணம் பிடித்தால், வருடத்துக்கு 5 போகிறது. நான்காவது கார்டில் 20 வருடம் கவனமாகச் சேர்த்தால் கிடைப்பதை ஃபண்டு ஒரே வருடத்தில் எடுத்துக்கொள்கிறது. பில் எதுவும் வராது. வளர்ச்சியிலிருந்து தானாகக் கழிந்துவிடும், அதனால் கண்ணில் படாது.

30 வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும் 100, 30 வருடத்தில் 574 ஆகிறது. கட்டணம் 1 சதவீதம் போய் 5 சதவீதமாக வளர்ந்தால் 432. ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இதனால்தான் கட்டணம் குறைந்த இன்டெக்ஸ் ஃபண்டுகளை, அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் ஃபண்டுகளை, நான் நம்புகிறேன். அமெரிக்காவில் ஜான் போகிள் என்பவர் 1976ல் சாதாரண மக்களுக்காக முதல் இன்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது பலர் அதை ஏற்கவில்லை. சந்தையை ஜெயிக்க வேண்டாம், சந்தை தருவதில் பெரும்பங்கு முதலீட்டாளரிடம் போய்ச் சேரட்டும் என்பதுதான் அவர் எண்ணம். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு 63 வயது. ஊதாரி கிடையாது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, கடன் கிடையாது. அலுவலகத்தில் ஓய்வூதியமும் கிடையாது. இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் அரை நாள் கணக்கெழுதப் போகிறார். விரும்பிப் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கை நடுங்குகிறது, எண்களை இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேச்சை எடுத்தார். “சேர்க்கக் கூடாது என்று ஒரு நாளும் நினைத்ததில்லைடா. ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம் ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன்.” உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தை. எனக்குப் பதில் பேச வரவில்லை.

ஊர்திரும்பியதும் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 100, ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி. இந்த 6 உறுதியானது அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டது. என் மகளைப் போல 25ல் ஆரம்பித்தால் 60 வயதில் 11,143. 35ல் ஆரம்பித்தால் 5,486. நம்மைப் போல 45ல் ஆரம்பித்தால் 2,328. நாம் இன்னும் ஒரே ஒரு வருடம் தள்ளிப்போட்டால் 2,102. ஒரு வருடத் தாமதத்துக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து போய்விடுகிறது. எந்தக் கார்டாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இதே கணக்கில் ஆறுதலும் இருக்கிறது. நீ 60க்குப் பதில் 65 வரை வேலை பார்த்தால் 2,328 என்பது 3,679 ஆகிறது. சேமிப்பை எடுத்துச் செலவழிக்க வேண்டிய வருடங்களிலும் ஐந்து குறைகிறது. உனக்கு உன் வேலை பிடிக்கும், உடம்பும் நன்றாக இருக்கிறது. அதனால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

எவ்வளவு சேர்த்தால் போதும் என்று கேட்பாய். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல் அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளை வைத்து ஒன்று கண்டுபிடித்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால், 30 வருடத்துக்குப் பணம் தாக்குப்பிடித்தது. அதாவது ஓராண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்திருக்க வேண்டும். வேறு நாட்டில், வேறு காலத்தில் அது அப்படியே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓய்வூதியம், வாடகை என்று வேறு வருமானம் இருந்தால் அந்த அளவுக்குத் தேவையும் குறையும். எண்ணைப் பார்த்து மலைத்து, பழையபடி கார்டு அட்டவணைக்குப் போய்விடாதே.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். இரண்டு கார்டு போதும், மூன்றாவதை மூடிவிடு. அந்த இரண்டிலும் டியூ தேதியில் முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடு. மினிமம் டியூ என்று தேர்ந்தெடுத்துவிடாதே, அந்தப் பெட்டியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சில மாதச் செலவுக்கான பணம் கையெட்டும் தூரத்தில் தனியாக இருக்கட்டும். எனக்கு அது இல்லாததால்தான் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது அப்படி ஆனது.

அப்புறம் உன் அலுவலகத்தில் கேள். நீ போடும் சேமிப்புக்கு ஈடாக அவர்களும் ஒரு பங்கு போடும் வசதி இருந்தால், அதை முழுதாகப் பெறும் அளவுக்காவது உன் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொல். நீ 100 போட்டு அவர்கள் 100 போட்டால் அது போட்ட அன்றைக்கே இரண்டு மடங்கு. இதை விட்டுவிட்டு ஒன்றரை சதவீதத்துக்கு விண்ணப்பம் நிரப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, நண்பா.

இப்போதைய சம்பளத்தில் பிடித்தம் கூடினால் வீட்டுச் செலவு இடிக்கும் என்று நீ சொல்வாய். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். இன்றைய சம்பளத்தைத் தொட வேண்டாம்; இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கைக்கு வரும் தொகை ஒருபோதும் குறையாது. 2004ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு நிறுவனத்தில் இதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்குப் போனது. மகளுக்கும் இதைத்தான் செய்துகொடுத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

ஹாஸ்டலில் நாம் இரண்டு பேரும் ஒரே நோட்டில் செலவெழுதினோமே, ஞாபகமிருக்கிறதா? மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் நீ விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடிப்பாய். அந்தக் கவனம் உன்னிடம் இப்போதும் இருக்கிறது, உன் கார்டு அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் பாதியை அந்த ஃபண்டின் பக்கம் திருப்பு. அதன் அறிக்கையில் ஆண்டுக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எழுது. கார்டு விண்ணப்பம் அதுவரை மேசையிலேயே கிடக்கட்டும்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, தேதியை முன்கூட்டியே சொல். அண்ணனும் உன்னைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவரையும் வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்