ஆற்றில் இறங்கினீர்களா? செருப்பைக் காயவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறுகளை நன்றாக வர்ணித்திருந்தார்கள், ஆனால் அதில் இறங்கி ஏறியபின் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் டனீடினில் இருப்பவன், பல வருடமாக ட்ரௌட் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். இங்குள்ள பல ஆறுகளில் பாறைகள்மேல் பழுப்பு நிறத்தில் அழுக்குப் போர்வை கிடப்பதுபோல் ஒன்று படர்ந்திருக்கும். அதுதான் டிடிமோ என்கிற பாசி. பாறையின் மூக்குச்சளி என்று இங்கே பட்டப்பெயர். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் வழுக்காது, நனைந்த கம்பளி மாதிரி சொரசொரக்கும். 2004-ல் சவுத்லாந்தின் வையாவ் ஆற்றில் கண்டுபிடித்தார்கள். 2005 முடிவதற்குள் தென்தீவு முழுவதுமே கட்டுப்பாட்டுப் பகுதியாகிவிட்டது.

ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பாசி என்றாலே அழுக்குத் தண்ணீர் என்றுதான் எண்ணம். இது நேர்மாறு. பாஸ்பரஸ் மிகக் குறைந்த, குளிர்ந்த, தெளிவான நீரில்தான் கம்பளமாக விரிகிறது, அதாவது ட்ரௌட்டுக்குப் பிடித்த அதே தண்ணீரில். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிதான், ஆனால் ஒவ்வொரு செல்லும் பாறையைப் பிடிக்கக் காம்பு விடுகிறது, பெருகப் பெருகக் காம்பும் நீண்டு கிளைத்துப் பாறையையே மூடிவிடும். அடியில் வாழும் பூச்சிகள் மாறிப்போகின்றன, மீனுக்கு இரை அதுதானே. நமக்கோ வீசும்போதெல்லாம் கொக்கியில் பஞ்சுதான் மாட்டும்.

ஆற்றுக்குள் வந்துவிட்டால் ஒழிக்க வழி கிடையாது. அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் நம் கையில் உள்ளது, அது பரவ ஒரு சொட்டு ஈரம் போதும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஃபெல்ட் என்கிற கம்பளித்துணி போன்ற அடி வைத்த பூட்ஸ் பாறையில் வழுக்காது, ஆனால் ஈரத்தை விடாது, அதனால் 2008-ல் தடை செய்தார்கள். நானும் முணுமுணுத்தேன், ரப்பர் அடியோடு இரண்டு முறை விழுந்தேன், சரி, பழகிவிட்டது.

செய்யவேண்டியது பெரிய வேலையில்லை. கரையிலேயே ஒட்டியிருப்பதைப் பிய்த்துப் போட்டுவிடுங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் அரை லிட்டர் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, பூட்ஸ், வலை, கயிறு எல்லாவற்றையும் பத்து நிமிடமாவது ஊறவையுங்கள். துணி, நுரைப்பஞ்சு என்றால் உள்வரை நனைய இன்னும் நேரம் வேண்டும். அல்லது தொட்டுப் பார்த்தால் உள்ளும் புறமும் ஈரமில்லை என்ற நிலைக்கு வந்தபின், அதற்கு மேலும் 48 மணி நேரம் காயவிடுங்கள். அந்த 48 மணியைக் காயப்போட்ட நேரத்திலிருந்தே எண்ணிவிடுகிறார்கள், அதுதான் தப்பு. தெரிந்தே பரப்பினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது.

தூண்டில்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. போன கோடையில் என் மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகள் காலையில் ஆற்றில் ஆடிய ஈரச் செருப்பை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி, மறுநாள் கப்பலேறி வடதீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ட்ரௌட்டுக்குப் பேர்போன டோங்காரிரோ ஆறு இருக்கும் அந்தத் தீவில் டிடிமோ இன்னும் கால் வைக்கவில்லை. போன் பண்ணி, கப்பலேறுவதற்குள் சோப்புத் தண்ணீரில் முக்க வைத்தேன். மாமாவுக்குப் பாசிப் பைத்தியம் என்று பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

அடுத்த முறை தென்தீவு பற்றிப் போடும்போது அந்தச் சோப்புத் தண்ணீர்க் கணக்கையும் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகர், டனீடின்