பட்டறை வேண்டும், விழா வேண்டாம்

ஆசிரியருக்கு,

கல்லூரிகளில் கதை, கவிதை எழுதக் கற்றுத்தர வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். சரியான யோசனைதான். ஆனால் நம் ஊரில் எழுத்துப் பட்டறை என்றாலே குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை, சாயங்காலம் ஒரு சான்றிதழ் என்று முடிந்துவிடுகிறது. மாணவர் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட யாரும் படிப்பதில்லை.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை இரண்டு ஆண்டுப் படிப்பு. ஒருவர் எழுதிய கதை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். வகுப்பில் மற்றவர்கள் அதை அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். அந்த விதியை அங்கேயே பல ஆசிரியர்கள் இப்போது தளர்த்திவிட்டார்கள். நமக்கும் அது வேண்டாம். நம் மாணவர்கள் வகுப்பில் ஏற்கெனவே போதுமான அளவு மௌனமாகத்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன் 1973இல் அயோவா போனதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் கலந்துகொண்டது 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில். ஏற்கெனவே எழுத்தாளராக அறியப்பட்டவர்கள் சில மாதங்கள் தங்கி எழுதுவதற்கான ஏற்பாடு அது, பட்டப்படிப்பு இல்லை.

நம் கல்லூரிகளுக்கு இதில் பெரிய செலவு கிடையாது. ஒரு பருவம் முழுக்க வாரம் இரண்டு மணி நேரம், பதினைந்து மாணவர்கள், ஜெராக்ஸ் பிரதிகள், பொறுமையாகப் படிக்கும் ஓர் ஆசிரியர். மதிப்பெண்ணை மட்டும் பருவத் தேர்வுக்கு வைக்காமல், மாணவர் திருத்தித் திருத்தி எழுதிய வரைவுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி