தம்பி, ஒருக்கால் போன் எடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நல்ல சுகம். கல்கரியில் இன்னும் குளிர் விடவில்லையாம். தடித்த ஜக்கெட்டைப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை ஒஷ்வேக்கனுக்குப் போயிருந்தேன், ஒன்ராறியோவில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் அது. லாக்ரோஸ் வீரர் கேலர்ட் பவ்லெஸின் பெயரிலுள்ள அரங்கில் சின்னப் பிள்ளைகளின் லாக்ரோஸ் நடந்தது, வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். ஐஸ் இல்லாத வெறும் சீமெந்துத் தரையில் ஓடினார்கள். ஒரு பெடியனுக்கு ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது. பந்து எங்கே என்று தெரியாமல் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான், ஆனாலும் ஸ்டிக்கை விடவில்லை.

அப்போது கேலர்டின் தகப்பன் ரொஸ் பவ்லெஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1951 முதல் 1954 வரை பீட்டர்பரோ அணி தொடர்ந்து மான் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர். நாட்டின் பெரிய கோப்பை, நான்கு வருடம்! அந்தப் புகழோடு அவர் ஒதுங்கியிருக்கவில்லை. பிறகு கோச்சாக நின்று சிக்ஸ் நேஷன்ஸ் பெடியங்களை வளர்த்தார். அப்படி வளர்ந்தவர்தான் கேலர்டும். 1964இலிருந்து ஒஷாவா அணியோடு, இளையோருக்கான தேசியக் கோப்பையான மின்டோ கோப்பையை நான்கு முறை வென்றார். இன்று தகப்பனும் மகனும் கனடிய லாக்ரோஸ் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள்.

2001இல் கேலர்ட் இறந்துவிட்டார். ரொஸ் இருந்தார். 2003இல்தான் அவரும் போனார். கோப்பைகளை விட இடையில் இருந்த அந்தக் காலம்தான் என் மனதை விட்டுப் போகுதில்லை. உன் சின்னச் சித்தப்பாவுக்குப் பிறகு அப்பம்மா எப்படி இருந்தா என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

நீ பிள்ளைகளுக்குக் கோச் பண்ணுவதை விட்டுவிட்டாய் என்று அக்கா சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை கூடவாக இருக்கும். ஆனால் உன்னிடம் பழகிய பெடியன் ஒருவனின் தாய் அம்மாவுக்கு எடுத்து, உன்னைப் பற்றி அவ்வளவு நல்லாகச் சொன்னா. அம்மா அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தா. அப்படிப்பட்ட நீ எங்களுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருந்தால் நாங்கள் என்ன செய்ய? போன் எடு, தம்பி.

சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்களான ஹொடனோசோனி மக்கள் லாக்ரோஸை மருந்து ஆட்டம் என்றும் சொல்வார்கள். ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அவருக்காக மற்றவர்கள் சேர்ந்து ஆடுவார்கள். சுகமில்லாதவர் நன்றாக ஆடவேண்டும் என்றில்லை, அவர் ஓடவே தேவையில்லை. அவருக்காகத்தான் மற்றவர்கள் வருகிறார்கள். நீ சின்னனில் அந்த அரங்குக்குப் போகும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது தெரிந்ததும் உனக்கு எழுதவேண்டும் போல இருந்தது.

உன் ஸ்டிக் கீழறையில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை, கேட்டவர்களுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் நித்திரை வருகுதோ? லீவு கிடைக்காவிட்டால் சொல்லு, நானே அங்கே வருகிறேன். வீடு ஒதுக்கவேண்டாம், சமைக்கவேண்டாம், ஒன்றும் கதைக்கவும் தேவையில்லை. டிக்கெட் விலையை அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். ஞாயிறு இரவு எவ்வளவு பிந்தினாலும் எடு, நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா