மலையேறும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையோரம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கல்லாறு தாண்டி குன்னூர் வரை வழியில் நின்றுபோகும் வண்டிகளைத் தேடிப் போவதே எனக்குப் பாதி வேலை. நின்றவற்றில் பல, இஞ்சின் கொதித்து நின்றவை. அந்த வண்டிகளைவிட, அவற்றின் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் மூடியைத் திறந்து வெந்துபோகும் கைகளும் முகங்களும்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கின்றன.

சென்ற கோடையில் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் நின்ற காருக்குப் போனேன். ஓட்டி வந்த இளைஞர் கூலன்ட் டேங்கின் மூடியைத் துணியால் பிடித்துத் திருகியிருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் முன்கையிலும் கழுத்திலும் தோல் உரிந்திருந்தது. "ரேடியேட்டர் மூடியைத்தானே திறக்கக் கூடாது என்பார்கள், நான் டேங்கைத்தானே திறந்தேன்" என்று அந்த வலியிலும் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த டேங்க் வெறும் சேமிப்புத் தொட்டி. அழுத்தம் முழுவதும், கூலன்டைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடிக்குக் கீழே இருக்கும். இப்போது வரும் பல கார்களில் ரேடியேட்டரில் தனி மூடியே இல்லை. அழுத்தத்தைத் தாங்கி நிற்பது டேங்கின் மூடிதான். ஏறத்தாழ ஒரு பார் (சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவு) அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய்விடுகிறது. உள்ளே இருப்பதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, எல்லாம் பொங்கி முகத்தில் அடிக்கிறது. கையில் சுற்றிய துணி இதற்கு எம்மாத்திரம்?

கோவையில் ஒழுங்காக ஓடிய வண்டி இங்கே ஏன் கொதிக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். வண்டி நிறைய ஆட்கள், மேலே பெட்டிகள், ஏசி, வரிசையில் ஊர்ந்தபடி முதல் கியரும் இரண்டாம் கியரும். இஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது. எதிர்காற்று மட்டும் ரேடியேட்டருக்குக் கிடைப்பதில்லை. மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காத வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் மறைந்திருந்த குறையெல்லாம் மலையில் வெளியே வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் கூலன்ட் பார்ப்பது மிக எளிது. புறப்படும் நாளுக்கு முந்தைய காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பானெட்டைத் திறக்க வேண்டும். மங்கலான பிளாஸ்டிக் டேங்கில் இரண்டு கோடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே மட்டம் தெரிந்தால் போதும், மூடியைத் தொடவே வேண்டாம். கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் மேல்கோடு வரை ஊற்றலாம், அதற்கு மேல் கூடாது. சூடேறினால் அது விரியும், அதற்கு இடம் வேண்டும். பக்கத்திலேயே கண்ணாடி துடைக்கும் தண்ணீருக்கு ஒரு டப்பா இருக்கும், அதில் கூலன்டை ஊற்றிவிட்டு வருபவர்களும் உண்டு.

எதை ஊற்றுவது என்பதை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன. கலந்து விற்பதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக விற்பதை டிஸ்டில்டு வாட்டரோடு, பெரும்பாலும் சரிபாதியாக, கலக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கேனில் வைத்திருக்கும் போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிய ரேடியேட்டர்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெந்நீர்ப் பானையின் அடியைப் போல உள்ளே உப்பு படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். ஆபத்துக்கு, ஊர் போய்ச் சேரும் வரை, நல்ல தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. சேர்ந்தவுடன் முழுவதையும் இறக்கிவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட வேண்டும். மீதிக் கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். நாய் நக்கினாலும் குழந்தை குடித்தாலும் உயிருக்கு ஆபத்து.

மாதாமாதம் மட்டம் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப், மூடி ஆகியவற்றில் எங்கோ கசிவு இருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஆயில் பால் கலந்ததுபோல் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அந்த வண்டியை மலைக்குக் கொண்டுவரவே கூடாது.

ஏறும்போது இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். பல சிறிய கார்களில் முள் கிடையாது, சிவப்பு விளக்குதான். அது எரிந்தாலோ ஆவி வந்தாலோ இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். அணைத்த பிறகும் ஃபேன் சுற்றக்கூடும், விரலை நீட்டாதீர்கள். கொதிக்கும் இஞ்சின்மீது குளிர்ந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், அலுமினிய ஹெட் விரிசல் விடக்கூடும்.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டி வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்கின்றன. அதை வழங்கும்போதே, "கூலன்ட் மட்டம் பார்த்தீர்களா, சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்" என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்காக வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் அடிவாரத்திலேயே, முதல் வளைவுக்கு முன்னால், தமிழ், மலையாளம், கன்னடத்தில் படத்தோடு ஒரு பலகை வைக்க வேண்டும். வண்டிகள் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகின்றன. பலகையின் செலவை ஏற்க இங்குள்ள பட்டறைக்காரர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்; இடத்துக்கான அனுமதி மட்டும் அடுத்த சீசனுக்குள் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறை மெக்கானிக் ஒருவர்,
மேட்டுப்பாளையம்.