கலனுக்குள் இரண்டு தீப்புள்ளிகள்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். எண்ணெயும் வாயுவும் வரும் அந்தக் கலனின் உட்சுவரில், வெல்டிங் கோட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, இரண்டு தீப்புள்ளிகள் தெரிகின்றன. வெல்டிங் குச்சியைப் பற்றவைக்க யாரோ தகட்டையே உரசியிருக்கிறார். இந்த மிளகளவுப் புள்ளிக்காகவா வேலையை நிறுத்துவது என்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் உன்னிடம் கேட்டதாக எழுதியிருந்தாய். செம்பனை ஆலைப் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டுகள் வெல்டிங் செய்த நானும் இதே தவற்றைக் கணக்கில்லாமல் செய்திருக்கிறேன். எங்கள் நீராவிக் குழாய்களுக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை. ஆனாலும் நீ நிறுத்தியது சரிதான். அந்த மனிதரும் என்னைப் போலப் பட்டறையில் வளர்ந்தவராகத்தான் இருப்பார். அவரிடம் விதியின் எண்ணைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், காரணத்தைச் சொன்னால் காது கொடுப்பார்.

எங்கள் தொழிலில் கடினம் என்பது பெருமை. பழத்தைப் பிழியும் திருகு நாரும் மணலும் பட்டுத் தேய்ந்து வரும்போது, அதன் விளிம்பில் கடினமான உலோகத்தை அடுக்கடுக்காக ஏற்றி, அரம் போட்டால் வழுக்குகிறதா என்று பார்த்த பிறகே மறுபடி பூட்டக் கொடுப்போம். உன் வேலை இதற்கு நேர் தலைகீழ். அங்கே மெத்தென்ற எஃகுக்குத்தான் மதிப்பு.

ஆலைக் கழிவுக் குளத்தருகே சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடுதான் உன் எண்ணெயோடும் வாயுவோடும் வருகிறது. ஈரத்தில் அது எஃகை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. மற்ற அரிப்புகளில் அவற்றில் பெரும்பாலானவை இரண்டிரண்டாகக் கூடிக் குமிழாய்ப் போய்விடும். சல்பைடு அந்தக் கூடலைத் தடுப்பதால், பல அணுக்கள் தனித்தனியாகவே எஃகுக்குள் இறங்கிவிடுகின்றன. இறங்கியவை, உலோகம் எங்கே கடினமாகவும் இழுபட்டும் இருக்கிறதோ அங்கே சேர்ந்து விரிசலைத் திறக்கின்றன. துரு என்றால் சுவர் மெலிவதை ஆண்டுக்கணக்கில் அளந்து காத்திருக்கலாம். இதுவோ சில நாள்களில், சமயத்தில் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். சூடாக ஓடும் கலனைவிட, நிறுத்தி ஆறவைத்த கலனில் ஆபத்து கூடுதல். சாதாரண அறை வெப்பத்தில்தான் அது மிகக் கொடியது.

இப்போது அந்த மிளகளவுப் புள்ளிக்கு வா. ஒரு நொடி உருகிய இடத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு சட்டென்று வெப்பத்தை இழுத்துக்கொள்ள, அது தண்ணீரில் தோய்த்த உளியைப் போல இறுகிவிடுகிறது. அரிப்புத் தடுப்புப் பொறியாளர்களின் நேஸ் அமைப்பு 1975இல் வெளியிட்டு, இன்று ஐஎஸ்ஓ 15156 என்ற பெயரில் வழங்கும் தரநிலை, சாதாரண எஃகுக்கும் குறைந்த கலப்பு எஃகுக்கும் பொதுவாக ராக்வெல் சி என்ற கடின அளவில் 22 என்று வரம்பு வைத்திருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் வெப்பம் தாக்கிய பட்டை மிகக் குறுகியது என்பதால், அதன் கடினத்தை விக்கர்ஸ் கருவியால் அளந்து 250க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தத் தீப்புள்ளி இதைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். மேலும், அந்தக் கலன் உலையில் சூடேறிப் பதம் பெற்று முடிந்தது என்கிறாய். அதன்பின் விழுந்த புள்ளியின் இறுக்கத்தைத் தளர்த்த இனி ஒரு சூடும் வராது.

மேற்பார்வையாளர் இன்னும் சிரித்தால் 1984ஆம் ஆண்டைச் சொல். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ரோமியோவில் என்னும் ஊரில், ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கலன் பிளந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள். அந்த விபத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அதன் உடலில் ஒரு வளையத்தை மாற்றிப் பற்றவைத்தவர்கள், பிறகு சூட்டுப்பதம் கொடுக்கவில்லை. வெல்டிங் ஓரத்தில் இறுகிக் கிடந்த பட்டையிலிருந்துதான் விரிசல் புறப்பட்டது.

கடினத்தை அடக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடாதே. தகட்டை உருட்டும்போது அதற்குள் இருக்கும் மாங்கனீசு சல்பைடு துணுக்குகள் ஓலைபோல நீண்டுவிடும். ஹைட்ரஜன் அங்கே ஒதுங்கி, ஜோடி சேர்ந்து, அழுத்தம் ஏறி, மெத்தென்ற தகட்டைக்கூடப் படிப்படியாகப் பிளக்கும். அதனால்தான் கந்தகத்தை மிகக் குறைத்து, கால்சியம் சேர்த்துத் துணுக்குகளை உருண்டையாக்கிய தகடு வாங்குகிறார்கள். தகட்டோடு வந்த சான்றிதழில் கந்தக அளவை நீயே படித்துப் பார். போல்ட்டுகளையும் பார்: பி7, பி7எம் என்னும் இரண்டு வகைகளும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தலையில் குத்திய அந்த ‘எம்’ என்ற ஒற்றை எழுத்துதான் மெத்தென்றதைக் காட்டிக்கொடுக்கும். குச்சியில் நிக்கல் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால், தனிச் சோதனை இல்லாமல் ஏற்காதே.

குச்சி என்றதும் என் கதை ஒன்று. ஒரு மழைக்காலத்தில், திறந்த பெட்டியில் கிடந்த 7018 வகை வெல்டிங் குச்சிகளை உலர்த்தாமலே எடுத்து, தடித்த தாங்கி ஒன்றைப் பற்றவைத்தேன். மாலையில் அழகாக இருந்தது. மறுநாள் காலையில் ஓரமாக மயிரிழை போல ஒரு வெடிப்பு! பூச்சில் ஏறிய ஈரம் மின்வில்லின் சூட்டில் ஹைட்ரஜனாகி உள்ளே போயிருக்கிறது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். உன் கலனில் வாயு செய்வதை, இங்கே என் கையே செய்தது. குச்சிகளை 300 டிகிரிக்கு மேல் உலர்த்தி, சூட்டுப் பெட்டியிலிருந்து சிறிது சிறிதாகத்தான் வெளியே எடுக்கிறார்களா என்று பார். நாளேட்டை மட்டும் நம்பாதே, பெட்டியைத் தொட்டுப் பார்.

புள்ளிகளை மெதுவாகத் தேய்த்தெடுக்கச் சொல். அமிலம் தடவி, இறுகிய நிறம் போய்விட்டதா என்று பார்த்து, காந்தத் துகளால் வெடிப்பைத் தேடி, சுவரில் மிஞ்சிய தடிமனையும் கடினத்தையும் அளந்து எழுதி வை. இன்னொன்று: இரண்டு புள்ளி உரசியவர் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கவ்வியையும் தளர்வாகத்தான் மாட்டியிருப்பார். அது கலனுக்குள் எந்த இடத்தைப் பிடித்திருந்தது என்று கேட்டு, அங்கே விளக்கடித்துப் பார். மூன்றாவது புள்ளி அங்கே இருக்கும்.

அன்புடன்,
அப்பா